கதவில்லாத பட்டறை

“மொதல்ல கண்ணாடிய இறக்கும்மா. அப்புறம் பேசு.”

லாரியின் கேபினில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்த பழைய பெட்ரோல் வண்டி அது. இன்ஜின் இருமியே இருபது வருஷம் ஆகிறது. இருந்தும் கண்ணாடி முழுதாக இறங்கும்வரை மெக்கானிக் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

ஊரில் அவருக்குக் ‘கதவில்லாதவர்’ என்று பெயர். பட்டறைக்குத் தலைக்கு மேல் தகரம் உண்டு, சுற்றிலும் பேருக்கு ஒரு சுவர்கூடக் கிடையாது. மழை பெய்தால் அவரும் வேலையும் சேர்ந்தே நனைவார்கள். கேட்டால், “எங்கிட்ட திருடறதுக்கு என்ன இருக்கு?” என்று மழுப்புவார். மனைவி ஒரு பக்கமாவது சுவர் எழுப்பச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

அவள் இறங்கி வந்து, முன்பக்கம் பானெட்டில் துருவேறித் தொங்கிய பூட்டைத் தட்டிக் காட்டினாள்.

“பேட்டரிய எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்னு அப்பா போட்டதுண்ணே. சாவி அவரோட போச்சு. அறுத்துத்தான் எடுக்கணும்.”

“அறுத்துக்கலாம், அறுத்துக்கலாம்.” மெக்கானிக் பூட்டைப் பார்க்கவில்லை. சீட்டின் மேல் சுருண்டு கிடந்த போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது அப்பாவோடதுதான்,” என்றாள் அவள். “இதுலதான் போனார். மழை நாளு. லோடு ஏத்தக் காத்திருந்தப்ப, குளிருக்கு இன்ஜின ஓட விட்டுட்டுக் கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் படுத்திருக்கார். உள்ள பூரா புகை. வேணும்னே செஞ்சுக்கிட்டார்னு ஆளாளுக்குப் பேசினாங்க. ஒருத்தர்கூட பானெட்டத் தொறந்து பாக்கல. நான் என்ன குறை வெச்சேன், நான் என்ன குறை வெச்சேன்னு பொலம்பியே அம்மாவும் போய்ச் சேந்தாங்க.”

மெக்கானிக் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தில் வியர்வை எதுவும் இல்லை.

“இப்ப எதுக்கும்மா இதப் போயி எழுப்புற? எடைக்குப் போட்டுட வேண்டியதுதானே?”

“தம்பி விட்டாத்தானே! அப்பா போனப்ப இடுப்புல இருந்தவன். இன்னிக்கு, அப்பா வண்டிய நான்தான் ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். புகை எப்படி உள்ள வந்துச்சுன்னு தெரியாம அவன இதுல ஏத்த எனக்கு மனசு வரல. காத்து உள்ள போற சாமான், புகை வெளிய வர்ற சாமான், எல்லாத்தையும் மாத்திடுங்க. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தாண்ணே.”

அவர் தலையாட்டினார்.

“இந்த வண்டிய முன்னாடி பாத்திருக்கீங்களா?”

“இந்த மாடல் எத்தனையோ பாத்திருக்கேன்.”

தகரத்துக்கடியில் கட்டியிருந்த பரணிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சாக்கின் மேல் பரப்பினார். கார்புரேட்டரில் இரண்டு இருந்தன.

“சின்னதே போதும். பெருசு பெட்ரோல் குடிச்சே உன் தம்பியக் கடன்காரனாக்கிடும்.”

அவள் சின்னதை எடுத்து வைத்தாள். காற்றை வடிகட்டும் டப்பா, பின்பக்கம் வரை போகிற நீளமான சைலன்சர் என்று அவர் சொன்னதற்கெல்லாம் சரி என்றாள். கடைசியாக மேனிபோல்டு. இன்ஜினிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்புகிற கனத்த இரும்பு அது. அதிலும் இரண்டு இருந்தன. ஒன்று வேறு ஏதோ வண்டியில் கழற்றிய கறுத்த பழசு. மற்றது எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காத புதுசு.

அவள் காகிதத்தைப் பிரித்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது.

“இந்த மாடல் பேரே போட்டிருக்கேண்ணே! இதையே மாட்டிடலாம்.”

“அதக் கீழ வை!”

அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மிரண்டு போனாள். அவர் அவள் எதிரில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“கோச்சுக்காதம்மா. அது மத்த வண்டில உக்காரும், இதுல உக்காராது. இன்ஜின்ல கடைசி போல்ட்டு உள்ளயே ஒடிஞ்சு போயி, ஒரு விரல் தள்ளி வேற ஓட்டை போட்டிருக்கு. அந்த ஓட்டைல இந்தப் புதுச வெச்சு இழுத்து இறுக்கினா ஒரு நூல் சந்து விடும். கண்ணுக்குத் தெரியாது. நின்ன வண்டில புகை நேரா கேபினுக்குத்தான் ஏறும். இந்தப் பழசுல ஓட்டையும் அதே மாதிரி தள்ளி இருக்கு, இதுதான் சரியா உக்காரும். உன் தம்பி நல்லா இருக்கணும். சொன்னாக் கேளும்மா.”

அவள் இரும்பை மெல்லக் கீழே வைத்தாள்.

“அப்படின்னா, அப்பா வேணும்னு செய்யலியா?”

“இல்லம்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. தூங்கினார், அவ்வளவுதான்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்க அம்மா இல்லையே என்று நினைத்து நினைத்து அழுதாள். மெக்கானிக் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரியைத் திரும்பிப் பார்த்தாள். பானெட் மூடியிருந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

“அண்ணே, பூட்ட இன்னும் அறுக்கவே இல்லியே?”