மாசிலாமணி ஊசி

எந்த மாத்திரைக்கும் அடங்காத கிருமிகளைக் கொல்லும் வைரஸ்கள் எங்களுக்குச் சாக்கடையில்தான் கிடைக்கின்றன. கழிவுநீரை எடுத்து வந்தவரே அதில் கிடைக்கும் வைரஸுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்து வழக்கம். பாதிப் பேர் நடிகர் பெயரை வைப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வடசென்னையிலிருந்து பாட்டிலோடு வந்த துப்புரவுப் பணியாளர் பவுனம்மா மட்டும் யோசிக்காமல், "மாசிலாமணி" என்றார்.

"யாரும்மா அது?"

"எங்க வீட்டுக்காரரு. தண்ணி எடுத்தேனே, அந்தக் குழியிலதான் இறங்குனாரு. மேல வரல."

இன்று காலை பவுனம்மாவைக் குழந்தைகள் வார்டுக்கு அழைத்துப் போனேன். பதினெட்டு நாள் காய்ச்சலில் கிடந்த சிறுமி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டுக்கொண்டிருந்தாள். மாசிலாமணி ஊசி மூன்றே மூன்று! இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

சிறுமியின் அம்மா மருந்துச் சீட்டிலிருந்த பெயரை ஏதோ டாக்டர் என்று நினைத்துவிட்டாள். "இந்த மாசிலாமணி யாரு பெத்த புள்ளையோ, நூறு வயசு நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் விளக்க வாயெடுத்தேன். பவுனம்மா என் கையை அழுத்திப் பிடித்தார்.

"இருப்பாரும்மா" என்றார்.