உயிர்த்த ஞாயிற்று முட்டை

உயிர்த்த ஞாயிறு. பூசை முடிந்து திரும்பிய நேரத்து வெயில் சாப்பாட்டு மேசைவரை நீண்டு, ஆட்டுக்கறிக் குழம்பில் மிதக்கும் எண்ணெயில் மினுங்குகிறது. நாற்பது வருஷம் கொழும்புக்குத் தோணி ஓட்டிய கஸ்பார், அந்தக் கிண்ணத்தைத் தொடாமல் மனைவி பிளாரன்ஸ் பக்கம் நகர்த்துகிறார். தை மாதம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்ததும், ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது, வாயைக் கட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதும் அவளுக்கு நேற்றுப் போலிருக்கிறது. அன்றிலிருந்து ஒரு துண்டு கறி அவர் நாக்கில் பட்டதில்லை. "தபசு காலந்தான் முடிஞ்சிட்டுல்லா, இன்னைக்காவது ஒரு துண்டு தின்னுங்க" என்கிறாள். "ஆண்டவருக்கு நாப்பது நாள் போதும் ஏளா. டாக்டருக்குத்தான் ஆயுசு பூராவும் இருக்கணும்." சிரித்தபடியே அவித்த முட்டையை நூலால் இரண்டாக அறுக்கிறார். பாய்க்கயிறு இழுத்துக் காய்த்துப்போன அந்த விரல்கள், மஞ்சள் கருவைத் துளி சிதறாமல் பிதுக்கி எடுத்து அவள் தட்டில் வைக்கின்றன. துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஒன்று நீளமாக ஹாரன் அடிக்கிறது. சத்தம் அடங்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு தன் முட்டையை எடுத்து, அதே நூலால் அறுத்து, வெள்ளையை மட்டும் அவர் தட்டுக்கு மாற்றுகிறாள்.