துரைக்கு மாற்று மீன்

தங்கமீன் துரையின் உடம்பில் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் கிளம்பியிருந்தன. ஜெசிந்தா பார்ப்பதற்குள் தொட்டியே பேசிவிட்டது.

"மீனுக்கு வெண்புள்ளி நோய். கவலை வேண்டாம். அதே நிறத்தில், அதே அளவில் மாற்று மீன் மதியம் வரும்."

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் யார் வீட்டிலும் மீன் சாவதில்லை. மாறிவிடும், அவ்வளவுதான்.

"விடேன் ஜெசி. வாரது வேறன்னு உனக்கே தெரியாது," என்றார் கணவர் லூர்துராஜ்.

"எனக்குத் தெரியும். விரல வச்சா ஓடியாந்து முட்டுறது இவன் மட்டுந்தான்."

மாற்று மீனோடு வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பினாள். துரையைக் குளியலறை டப்பில் விட்டு, கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, தண்ணீரை வெதுவெதுப்பாகவே வைத்திருந்தாள். புள்ளிகள் உதிர்ந்த பிறகும் அவனை வெளியே எடுக்கவில்லை. உதிர்ந்தாலும் தண்ணீரில் பெருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும் கிருமி அது. லூர்துராஜ் முனகிக்கொண்டே சமையலறையோரம் வாளி வைத்துக் குளித்தார்.

ஒருவழியாகத் துரை வீடு திரும்பினான். தொட்டி குழம்பிப்போனது.

"இது மாற்று மீனா?"

"இல்ல. பழைய மீனுதான்."

"பழைய மீனுக்கு நோய் வந்தது."

"வந்துச்சு. சரியாப் போச்சு."

தொட்டி தன் பதிவுகளைத் துழாவிப் பார்த்தது. "அப்படி நடக்கும் என்று எனக்குச் சொல்லித்தரவில்லை."

ஜெசிந்தா விரலைத் தண்ணீரில் வைத்தாள். துரை விழுந்தடித்து வந்து முட்டினான்.

"அவனேதாம்ல," என்று தொட்டியை அதட்டினார் லூர்துராஜ். "நல்லாப் பாத்துக்கோ." பிறகு மனைவியை லேசாகத் தள்ளிவிட்டுத் தன் விரலையும் வைத்தார்.