மாட்டுக்கண்ணும் காமிராவும்

"இது நீ எழுதினது இல்ல, ப்ரையர். யார் எழுதினதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் கோக்ரன் சார்.

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானமும் அவர்தான், சினிமாப் பாடமும் அவர்தான். இந்த மேற்குக் கடற்கரை மழைக்கு வெளியூர் வாத்தியார்கள் ஒரு வருஷம் தங்கினால் அதிசயம். சார் உள்ளூர், மருந்துக்கடை வீட்டுப் பிள்ளை. இரண்டு வகுப்பிலும் என்ன கற்றாய் என்று வருஷக் கடைசியில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அவர் படித்த காலத்திலிருந்து அந்தக் கேள்வி மாறவே இல்லை.

ப்ரையர் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் அவள் அம்மா ரேவின், ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றாள். நாலு மணிக்குப் பால் கறக்கப் போகணும் என்று வந்ததுமே சொல்லிவிட்டாள்.

சார் தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்: 'விஞ்ஞான வகுப்பில் மாட்டுக் கண்ணை வெட்டினோம். அதன் லென்ஸ் ஜன்னலைத் தலைகீழாகக் காட்டியது. காமிராவும் அப்படித்தான் என்றார்கள் சினிமா வகுப்பில். இரண்டிலும் நான் கற்றது ஒன்றுதான். உலகம் உள்ளே தலைகீழாகத்தான் வருகிறது. யாரோ பொறுமையாக அதை நிமிர்த்தி வைக்கிறார்கள்.'

வாசிக்கையில் குரல் கொஞ்சம் குழைந்தது. குழையாதா? பள்ளித் தாழ்வாரத்தில் முப்பத்தைந்து வருஷமாகக் கண்ணாடி போட்டுத் தொங்கும் பரிசுக் கட்டுரை அது. கீழே கிரேம் கோக்ரன் என்று அவர் பெயர். புது மாணவர்களை அழைத்து வந்து காட்டுவார். அவர்கள் பக்கத்திலுள்ள ரக்பி அணிப் படத்தில் தங்கள் அப்பாக்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

காப்பி என்று அவர் தேர்வு வாரியத்துக்கு எழுதி அனுப்பினால் ப்ரையருக்குச் சான்றிதழ் கிடையாது. கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் பேசி வைத்திருக்கும் நர்ஸிங் படிப்பும் கிடையாது.

"தாழ்வாரத்துல நின்னு எழுதிக்கிட்டியா?"

"காப்பிதான் சார். ஆனா அங்க தொங்குறதை நான் படிச்சதே இல்ல."

ரேவின் மகளை அங்கேயே கண்டித்தாள். அடுத்தவர் எழுதினதை எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு என்றாள். பிறகு சாரிடம் திரும்பி, இவள் புதிதாக ஒன்று எழுதித் தந்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டாள். சார் ஒத்துக்கொள்ளவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஒருத்திக்காக வளைக்க முடியாது, நேர்மை முக்கியம் என்று ஐந்து நிமிஷம் பேசினார்.

அவர் முடித்ததும் ரேவின் மழைக்கோட்டுக்குள்ளிருந்து பழுப்பேறிய நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். அதே வரிகள், அடித்தல் திருத்தலோடு.

"தாழ்வாரத்துல நின்னு எழுதினாளான்னு கேட்டீங்களே. இல்ல, இதுல இருந்துதான். எங்கப்பா காலை ஒடிச்சுக்கிட்ட வாரம் நான் எழுதினது. அதுக்கப்புறம் நான் பால் கறக்க நின்னுட்டேன், ஸ்கூலுக்கு வரவே இல்ல. நல்ல தாள்ல எழுதி, டீச்சர்கிட்ட சேர்த்துடுன்னு உன்கிட்டதானே குடுத்தனுப்பினேன், கிரேம்?"

புதிதாக எழுதித் தர ப்ரையருக்குத் திங்கட்கிழமை வரை அவகாசம் கிடைத்தது.