பொட்டு கலையாத ஸ்பேனர்கள்

பதினாலு அங்குல பைப் ரெஞ்சை இடது கையிலும் பத்து அங்குலத்தை வலது கையிலும் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

வெகுநேரமாக.

கடைக்காரர் முதலில் கூடவே நின்று சிரித்துப் பேசினார். பிறகு வெறுமனே நின்றார். இப்போது வேறு ஆளுக்கு ஆணி எடை போடப் போய்விட்டார்.

நாளைக்கு ஆயுத பூசை. கோயமுத்தூரில் லேத்துப் பட்டறை முதல் தள்ளுவண்டி வரைக்கும் நாளைக்குப் பொட்டு வைத்துக்கொள்ளும். அவர் வீட்டுக் கார் ஷெட்டிலும் பூசை உண்டு. கார் கிடையாது. ஷெட் உண்டு, ஷெட்டுக்குள் சுவரை அடைத்து ஒரு பலகை உண்டு.

அதில் ஆணிக்கொன்றாகச் சுத்தியல், ரம்பம், அரம், அளவு வாரியாக ஸ்பேனர்கள். ஒரு ஆணி மட்டும் காலி. பைப் ரெஞ்சுக்கு உள்ள ஆணி. போன வருஷம் அந்த மொட்டை ஆணியைப் பார்த்துக்கொண்டு சூடம் காட்ட அவருக்கு மனசே வரவில்லை.

மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற மனுஷர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் காசிக்குப் போவார்கள். இவர் ஸ்பேனர் வாங்கினார்.

சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. அந்த வீட்டில் எதுவும் பழுதாகாது. பழுதானாலும் தானாகவே சரியாகிவிடும்.

ஒரு முறை அடுக்களைக் குழாய் ஒழுகியது. புது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒழுகிய குழாய் பீறிட்டது. வாஷர் வாங்கிவரச் சொல்லி மனைவி வசந்தாமணி அவரைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது குழாய் நின்றிருந்தது. தானாக நின்றுவிட்டதாக அவள் சொன்னாள். இன்னொரு நாள் நடைப்பயிற்சி முடித்து வந்தால், கடகடத்த ஃபேன் சத்தம் போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் தானாகத்தான்.

வீட்டில் ஆயுதம் இருந்தால் பழுது அண்டாது என்று அவர் பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவிடம் சொல்லாத நாளில்லை. தன் வாசலை ஒரு பிளம்பர் மிதித்ததில்லை என்பார். மாதம் தவறாமல் பிளம்பருக்கு அழுதுகொண்டிருந்த நாச்சிமுத்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வார்.

ஒரே ஒரு உறுத்தல். பொட்டு.

போன பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் எல்லாக் கருவியிலும் கலையாமல் காய்ந்து கிடந்தன. கட்டிங் பிளேயரிலும் பெரிய ஸ்பேனரிலும் மட்டும் சுத்தமாக அழிந்திருந்தன. போதாக்குறைக்கு அடுக்களை ஸ்டூல் அடிக்கடி பலகைக்குக் கீழே வந்து நின்றது.

முதலில் பல்லியைச் சந்தேகப்பட்டார்.

பல்லி ஸ்டூல் போட்டு ஏறாது.

அப்படியானால் யாரோ எடுத்துப் புழங்குகிறார்கள். நாச்சிமுத்துதான். கேட்டுவிடலாம்தான், இத்தனை வருஷப் பழக்கத்தில் எந்த முகத்தோடு கேட்பது? பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டார். சாவியைப் பத்திரமாக அடுக்களையில் மாட்டினார். நாளைப் பூசைக்கு நாச்சிமுத்துவைக் கூப்பிடவில்லை. அதை நினைத்தால் ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

"பெரிசே போட்டுரட்டுங்களா?" என்று கடைக்காரர் திரும்பி வந்தார்.

பெரிசுதான் பலகைக்கு எடுப்பாக இருக்கும். அவர் பதினாலைத் தூக்கிப் பிடித்தார்.

வசந்தாமணி பொரிப் பையும் பூசணிக்காயுமாகக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கால் கடுத்துப்போய், பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

"ஏனுங்க, பத்தே எடுங்க. பதினாலு சிங்க்குக்கடியில திரும்பாதுங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் பூசணிக்காயைப் பார்த்தாள்.

அவருக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. ஸ்டூல். ஃபேன். பத்திரமாக அடுக்களையிலேயே மாட்டிய சாவி. தானாக நின்ற குழாய்.

பல்லிகூடப் பாவம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரெல்லாம் அடித்த தம்பட்டம் காதுக்குள் ஒருமுறை திரும்ப அடித்தது. இத்தனை நாளில் ஒரு வார்த்தை, ஒரு கேலி, ஒரு குத்தல் அவள் வாயிலிருந்து வந்ததா என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை.

பதினாலைக் கடைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார்.

பத்தை அவளிடம் நீட்டினார். கைப்பிடி அவள் பக்கமாக.

அவள் தயங்கினாள். பூசணிக்காயை இறக்கி வைத்தாள். உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்க்காமலே கட்டைவிரலால் மரையை உருட்டி, ரெஞ்சின் வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"சரியா இருக்குதுங்க."

கடைக்காரர் இதுவரை அவருக்குக் காட்டாத இன்னொரு ரெஞ்சை உள்ளேயிருந்து எடுத்துவந்து அவளிடம் காட்டினார்.

அவர் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

வெளியே வந்ததும் இன்னொரு படி பொரி வாங்க வேண்டும் என்றார். நாச்சிமுத்து வீட்டுக்கு. அதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருப்பதாக அவள் சொன்னாள்.

அவர் அவள் தோள் தன் மார்பில் எந்த இடத்துக்கு வருகிறது என்று ஓரக்கண்ணால் அளந்துகொண்டே நடந்தார். பலகையை ஒரு முழமாவது கீழே இறக்க வேண்டும். பூசைக்கு முன்னால், இன்றைக்கே.

சுவரிலிருந்து அதை எதை வைத்துக் கழற்றுவது என்றுதான் தெரியவில்லை.

அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.