சாமிக்கு எழுதிய வசனம்

சாமியாடிக்கு லஞ்சம் கொடுக்கத்தான் தினேஸ்வரி அரை நாள் லீவு போட்டுவிட்டு ஜெலாப்பாங்குக்குப் போனாள். லஞ்சம் என்றால் பணமில்லை, ஒரு கட்டுச் சுருட்டு.

செமோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில், வெள்ளிக்கிழமை ஆனால் ஐயாவு மேல் முனியாண்டி இறங்கிக் குறி சொல்வார். மற்ற நாட்களில் ஐயாவு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் தொப்பி போட்ட ஜாகா, அதாவது காவல்காரர்.

"அண்ணே, நாளைக்கு அம்மா ஷர்வினக் கூட்டிக்கிட்டு வருது. மாத்திரைய நிறுத்தலாமான்னு சாமிகிட்ட கேக்கப் போவுது. கூடாதுன்னு சொல்லிருங்கண்ணே."

தம்பி ஷர்வின் கதை அந்த வட்டாரத்துக்கே தெரியும். பக்கத்து வீட்டுக் கார் தன்னைப் பற்றித் தப்பாகப் பேசுகிறது என்று, அதன் எஞ்சினில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியவன். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மாத்திரையோடு வீடு வந்த பிறகு, கார் வாயை மூடிக்கொண்டது. வேலைக்கும் போகிறான். ஆனால் தூங்கி வழிகிறான். பேன்ட் எதுவும் இடுப்பில் ஏற மாட்டேன் என்கிறது.

"அதான் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்பது அம்மா முத்தம்மாவின் கட்சி. ஒருமுறை நிறுத்தியும் பார்த்தாள். கொஞ்ச நாளில் கார் மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டது. கேட்டால், "அப்ப அவனுக்குச் சனி திசை" என்கிறாள்.

ஐயாவு சுருட்டுக் கட்டைத் தள்ளி வைத்தார்.

"சாமிக்கே வசனம் எழுதிக் குடுக்கிறியா? எடுத்துக்கிட்டுப் போம்மா."

"நீங்கதானே அண்ணே முனியாண்டி..."

"நான் ஐயாவு. அவரு வேற, நான் வேற லா."

தினேஸ்வரி சுருட்டுக் கட்டைத் திரும்பப் பைக்குள் திணித்தாள். சாமி 'நிறுத்து' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாத்திரை அன்றைக்கே குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அப்புறம் மறுபடியும் வாளி, மறுபடியும் போலீஸ், மறுபடியும் ஆஸ்பத்திரி.

மறுநாள் சாயங்காலம் உறுமி முழங்கியது. ஐயாவு ஒரு துள்ளு துள்ளினார், கண்கள் மேலே செருகின. யாரோ பயபக்தியோடு ஸ்டவுட் பீர் பாட்டிலை நீட்டினார்கள்.

"பார்லி தண்ணி கொண்டாடா!"

சில வருஷமாகவே இந்த முனியாண்டிக்கு பார்லி தண்ணிதான். ஏன் என்று சாமியிடம் யார் போய்க் கேட்பது?

முத்தம்மா மகனை முன்னால் தள்ளினாள். "ஐயா, புள்ள நல்லாயிட்டான்யா. மாத்திரைய நிறுத்திரட்டுமா?"

சாமி கையிலிருந்த அரிவாள் தரையில் 'ணங்' என்று இறங்கியது. தினேஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"யாருடி நிறுத்தச் சொன்னது? அவன் நல்லா இருக்கிறதே மாத்திரையாலதான்டி! நிறுத்துனா, போன குரலெல்லாம் கும்பலா திரும்பி வரும்!"

"குண்டாயிட்டானே சாமி?"

"நிறுத்தணும்னா ரொட்டி சானாயை நிறுத்து! சாயங்காலம் திடல்ல நடக்கச் சொல்லு!"

ஷர்வின் முதல்முறையாக வாயைத் திறந்தான். "சாமி, ஒரு ரொட்டியாவது..."

"ஒண்ணு தின்னு!"

கூட்டம் சிரித்தது. சாமி குனிந்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கால் பரபரங்குதாடா? ஒரு இடத்துல உக்கார முடியலையா?"

ஷர்வின் மிரண்டு போனான். "ஆமா சாமி."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல சாமி."

"சொல்லு. தூக்கத்தையும் சொல்லு. அளவக் குறைக்கிறதோ, வேற மாத்திரை குடுக்கிறதோ, அவங்க பாத்துக்குவாங்க. நீயா கைய வைக்காத. உங்கம்மாவும் வைக்கக் கூடாது!"

முத்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போன கையோடு மாத்திரைப் பையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் விபூதி பூசினாள்.

அடுத்த நாள் மத்தியானம் தினேஸ்வரி மறுபடியும் தொழிற்சாலை வாசலில் நின்றாள். ஐயாவு சோற்றுப் பொட்டலத்தை அப்போதுதான் முடித்திருந்தார்.

"பிரமாதமா நடிச்சீங்கண்ணே! நான் சொல்லாததையெல்லாம் சேத்துச் சொன்னீங்க."

ஐயாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நடிப்பா? சாமி காரியத்துல நடிக்கிறவனா நான்?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கால் பரபரங்கிறத அவன் என்கிட்டகூட சொன்னதில்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

ஐயாவு அக்கம்பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தினேஸ்வரி தினமும் தம்பிக்கு எடுத்துக் கொடுக்கும் அதே அட்டை.

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. டாக்டர்தான் சரி பண்ணாங்க. வெளிய சொல்லிறாதம்மா, அப்புறம் கோயில்ல நிக்க விடமாட்டாங்க."

தினேஸ்வரி அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே... இதைச் சாப்பிட்டா சாமி வராம போயிருவாரோன்னு நீங்க பயப்படலையா?"

"பயந்தேன். முன்ன என் காதுல ஒரு பட்டாளமே பேசும்மா. ஒவ்வொருத்தனும் நான்தான் சாமிம்பான். மாத்திரை போட்டதும் எல்லாரும் ஓடிட்டானுங்க. முனியாண்டி ஒருத்தர்தான் நின்னாரு. அதுக்கப்புறம்தான் நான் அவரை முழுசா நம்ப ஆரம்பிச்சேன்."