பச்சைக்குக் கீழே ஒரு வரி

மாலை வகுப்பின் சுவர்த்திரையில் எங்கள் மென்பொருளின் ஐந்து கட்டங்களும் 'எல்லாம் சரி' என்று பச்சையாக ஒளிர்கின்றன. நிரல் எழுதுவது முதல் வெளியிடுவது வரை எல்லாக் கருவிகளையும் ஒரே சங்கிலியாக இணைத்தவன் நான். கைதட்டுகிறார்கள். எங்கள் குழுவில், நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதும் அக்கா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே போகிறாள். "நேத்து ஃபெயிலான என் டெஸ்ட் இன்னிக்கு எப்படிடா பாஸாச்சு? மந்திரம் கிந்திரம் போட்டியா?" என்று சிரிக்கிறாள். பின்வரிசையும் சிரிக்கிறது. நான் விரல்களை மேசைக்கடியில் மறைத்துக்கொள்கிறேன். இந்தச் சங்கிலியில் யார் எதை மாற்றினாலும் அது அவர் பெயரோடு திரையில் வரவேண்டும் என்று அடம்பிடித்ததும் நான்தான். பச்சைக்குக் கீழே அந்த வரி இப்போது ஏறி வருகிறது: ஒரு சோதனை ஓடவிடாமல் நிறுத்தப்பட்டுள்ளது. பக்கத்தில், நிறுத்தியவர் என்று என் பெயர். அக்கா அதை வாசித்து முடிக்கிறாள். என் பக்கம் திரும்பாமல், கண்ணாடியைக் கழற்றி, தூசியே இல்லாத அதை மறுபடியும் துடைக்கிறாள்.